வாரத்தைத் தள்ளுதல்

எங்கள் நாட்டில் இந்தக் கீரைக்குப் பெயர்
சுக்குமா விக்கி.
வாரத்தைத் தள்ளு என்று பொருள்.
யார் வைத்த பெயரோ.
பணம் வரும் நாளுக்கும் தீரும் நாளுக்கும் நடுவே
வண்டி நின்றுபோன ஒருத்தியாகத்தான்
இருக்க வேண்டும்.

இன்று செவ்வாய்.
கல்விக் கடன் வரவில்லை.
மூன்று வாரமாகக் கைப்பேசி
பரிசீலனையில் இருக்கிறது என்றே சொல்கிறது.
ஜெரோட்டிச்சின் மெத்தைக்கடியில்
நூற்றிருபது ஷில்லிங்.
என்னிடம் முப்பத்தைந்து,
அதோடு வேன்காரன் வாங்க மறுத்த
கிழிந்த ஐம்பது.

கிப்ரோப்பின் அம்மா கீரை அரிவதைப்
பார்க்க வேண்டும் நீங்கள்.
பலகை கிடையாது.
இலைகளைச் சுருட்டி இடது கைக்குள் இறுக்கி
கத்தியைத் தன் கட்டைவிரலை நோக்கியே இழுக்கிறாள்.
நூல் நூலாக விழுகிறது.
எவ்வளவு மெல்லிசோ அவ்வளவு குவியும்.
கண்ணாவது நிறையட்டும் என்கிறாள்.
கிழிந்த ஐம்பதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறாள்,
என்னைப் பார்க்கிறாள்,
வாங்கிக்கொள்கிறாள்.
நல்ல தக்காளி ஒன்றை எடுத்து வைத்துவிட்டு
நசுங்கியதில் இரண்டு போடுகிறாள்.

எண்ணெய் இருபது ஷில்லிங்குக்கும் கிடைக்கும்,
பாட்டில் நம்முடையதாக இருந்தால்.
அடியில் மஞ்சளாக ஒரு விரல்கடை.
நான் படிப்பது நில அளவை.
ஏறாமலே மலையின் உயரம் சொல்வேன்.
அந்த ஒரு விரல்கடை
எத்தனை ராத்திரிக்கு வரும் என்று மட்டும்
கேட்காதீர்கள்.

அறையில் சமைக்கக் கூடாது.
மின் அடுப்பு கண்டால் பறிமுதல்.
இந்த மாடியில் நான்கு இடத்தில் ஒட்டியிருக்கிறார்கள்.
நான்கு தாளிலும்
எண்ணெய் தெறித்த பொட்டு.

கதவிடுக்கில் ஈரத்துண்டை அடைத்தோம்.
வெங்காயம் சும்மா இருக்குமா,
சட்டியில் விழுந்ததும் ஊரைக் கூட்டியது.
கீரை சுருங்கியது,
குவியலாக வந்தது கைப்பிடியாகியது.
அடுத்து உலையில் சோளமாவு.
உகாலி கிண்டுவது ஜெரோட்டிச்.
எல்டோரெட்டில் பிறந்தும் ஓடத் தெரியாதவள் என்று
தன்னைத் தானே கேலி செய்வாள்.
ஓடத்தான் தெரியாது.
அந்தத் தோள் களியைப் புரட்டும்போது
கட்டில் நகரும்.

மாவு பாதி வெந்திருக்கும்,
விளக்கு போனது.
மாடி முழுக்க இருட்டு.
கீழிருந்து காவலர் சிரோங்கோவின் குரல்:
யார் அது?

யாரும் மூச்சு விடவில்லை.
பிறகு கேட்டது,
சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு டக்.
எதிர் அறையில் ஒரு டக்.
கோடியில், குளியலறைக்குப் பக்கத்தில்,
தயங்கித் தயங்கி இன்னொன்று.
செருகியதைப் பிடுங்கும் சத்தம்.
பதினொன்று எண்ணினேன்,
எங்களுடையதையும் சேர்த்து.

பதினாலாம் அறை மொராவிடம்
மண்ணெண்ணெய் அடுப்பு ஒன்று உண்டு.
அதற்குத் தடை இன்னும் கடுமை.
துணி காயும் மொட்டைமாடிக்குத் தூக்கிப்போனோம்,
போர்வைக்குள் பிள்ளையை மறைப்பதுபோல.
குளிர்காற்று சுடரை நக்கியது.
என் வரைபலகையைக் கொண்டுவந்து நிறுத்தினேன்.
மூன்று வருடத்தில்
அது பிழையில்லாமல் செய்த முதல் வேலை.

சட்டிகளின் வரிசை.
பாதி வெந்தது முன்னால்.
பீன்ஸ் ஊறப்போட்டவளைக் கடைசிக்கு அனுப்பினோம்,
அதற்கு விடிய வேண்டும்.
யாரோ ஒருத்தியிடம் ஒற்றை முட்டை.
அதை என்ன செய்வது என்று
ஐந்து பேர் வாதாடினார்கள்.

மூடிகளைத் திறந்தபோதுதான் தெரிந்தது,
முட்டையும் பீன்ஸும் போக
எல்லாவற்றிலும் ஒரே கீரை.
ஒன்றில் உப்பு கூட,
ஒன்றில் தக்காளியே இல்லை.
முதலில் சிரித்தது மொராதான்.
வாயில் விரல் வைத்து நாங்களும் சிரித்தோம்.
கீழே சிரோங்கோ இருமினார்.
மணம் எட்டியிருக்கும்.
படியேறி வரவில்லை.

அடிப்பிடித்த பொருக்கைக் கரண்டியால் பெயர்த்து
பாதியை என்னிடம் நீட்டினாள் ஜெரோட்டிச்.
நாளைக்கு? என்றேன்.
கடித்துக்கொண்டே சொன்னாள்:
நாளைக்குப் புதன்.